சாக்பீஸ் அழியாத மெத்தை

எத்தனை வருஷம் உழைக்கும் என்றா கேட்டீர்கள்? நியாயமான கேள்விதான். போன வருஷம் வரைக்கும் யாராவது இப்படிக் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சட்டென்று சொல்ல வருவதில்லை. அதற்குக் காரணம் ஒரு டாக்டரம்மா. உட்காருங்கள், சொல்கிறேன். உங்கள் வீட்டம்மா தலையணை உறை பார்க்க ஆரம்பித்திருக்கிறார், அது அரை மணிக்குக் குறைந்து முடிந்ததாக என் கடை வரலாற்றிலேயே இல்லை. நாற்காலி வேண்டாம், அந்த மெத்தை மேலேயே உட்காருங்கள். ஒன்றும் ஆகாது.

வாசலில் போர்டைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வந்தீர்கள்? 'சென்னியப்பன் நார் மெத்தை.' அது மேல் வரி. கீழ் வரி, 'ராணுவக் கல்லூரிக்கு மெத்தை வழங்கியவர்.' கீழ் வரி மேல் வரியைவிடப் பெரிய எழுத்து. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். பொள்ளாச்சியில் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், என் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் சத்தத்துக்கு மரியாதை வந்தது அந்தக் கீழ் வரிக்குப் பிறகுதான். எதிர்க் கடைக்காரன் முன்பெல்லாம் என்னை 'நார்க்காரன்' என்பான். போர்டு ஏறிய அன்றைக்கு 'என்னங்க சென்னியப்பண்ணா' என்றான்.

பன்னிரண்டு வயதில் தேங்காய் மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவன் நான். அப்பன் இல்லை, படிப்பு ஐந்தோடு சரி. கொப்பரை மூட்டை மேல்தான் தூக்கம். ஒரு தடவை மேஸ்திரி பாதிக் கூலியை நீட்டினான். கத்தினேன். ஒரு அறை விட்டான், இந்தக் கடைவாய்ப் பல் அன்றைக்குப் போனது. நான் கத்துவதை நிறுத்தவில்லை. மண்டியே திரும்பிப் பார்த்தது, முழுக் கூலியும் வந்தது. வாயை மூடியவனுக்குப் பாதிதான். நான் படித்த பாடம் அது ஒன்றுதான், அதை வைத்தே இந்தக் கடை, பின்னால் பட்டறை, எல்லாம்.

ராணுவக் கல்லூரி டெண்டரும் அப்படித்தான் பிடித்தேன். மலையடிவாரத்தில் இருக்கிறதே, அதுதான். இரண்டு பெரிய கம்பெனிக்காரர்கள் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐந்து வருஷம் பள்ளம் விழாது என்று ஒருத்தன் சொல்லி வாயை மூடவில்லை, நான் எழுந்து 'ஏழு வருஷம்' என்றேன். கர்னல் நிமிர்ந்து பார்த்தார். 'எழுதித் தருவீர்களா?' என்றார். எழுதியே கொடுத்தேன். எட்டு ஹால், ஹாலுக்கு முப்பது கட்டில், இருநூற்று நாற்பது மெத்தை. ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார், நாலு அங்குலம். நாரில் அடர்த்தி கொஞ்சம், ஒரு கொஞ்சம், முன்னே பின்னே இருக்கும். அந்த விலைக்கு அதுதான் வரும். எல்லாரும் செய்வதுதான். அதை விடுங்கள்.

ஆறு வருஷம். ஒரு புகார் இல்லை. ஒரு மெத்தை திரும்பி வரவில்லை. வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொல்வேன்: அங்கே ஓடி ஆடி உழைத்துக் களைத்த வாலிபப் பசங்கள், ஒவ்வொருத்தனும் அறுபது எழுபது கிலோ, ஆறு வருஷமாக என் மெத்தையில் விழுந்து புரள்கிறார்கள், ஒரு விரற்கடை பள்ளம் கிடையாது, போய்ப் பாருங்கள் என்பேன். ராணுவத்துக்குள் போய் யார் பார்க்கப்போகிறார்கள். நம்பி வாங்கிப் போவார்கள்.

இப்படி இருக்கும்போது கல்லூரியில் புதிதாக ஒரு கட்டிடம் வந்தது. நூற்றெண்பது மெத்தை வேண்டும். எனக்குத்தான் என்று பேச்சு. நானும் நார் எடுத்து வைத்துவிட்டேன். அப்போது ஸ்டோர் பார்க்கிற சுபேதார் தணிகாசலம் போன் செய்தார். வேலூர்ப் பக்கத்து மனுஷர். மீசை எனக்கு இரண்டு மடங்கு, சத்தத்தில் எனக்குச் சரி பாதி இருப்பார்.

"சென்னியப்பன், புது ஆர்டரை நிறுத்தி வெச்சிருக்கோம்பா."

"ஏனுங்க?"

"பசங்க தூங்கறதில்லையாம். மெத்தை சரியில்லன்னு டாக்டரம்மா எழுதிட்டாங்க. கம்பெனி பஞ்சு மெத்தை வாங்கலாம்னு பேச்சு அடிபடுது."

"என் மெத்தைன்னு எழுதினாங்களா, சும்மா மெத்தைன்னு எழுதினாங்களா?"

"மெத்தைன்னுதான். இங்க வேற எவன் மெத்தைய்யா இருக்குது?"

எனக்கு ஏறியது பாருங்கள். ஆர்டர் போனால் போகிறது என்று சொல்ல மாட்டேன், ஆர்டர் போனாலும் பெரிய அடிதான். ஆனால் அதைவிட அந்தக் கீழ் வரி. அதை அழிக்க வேண்டும். ஏணி வைத்து ஏறி, பட்டப்பகலில், எதிர்க் கடைக்காரன் டீ குடித்துக்கொண்டே பார்க்கும்போது. உடனே அய்யாவுவைக் கூப்பிட்டேன். என்னோடு இருபது வருஷமாக இருக்கிற லோடுமேன். மெத்தை அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அங்கேயே ஒரு மெத்தையை அறுத்து, நாரைக் காட்டி, நான் யாரென்று அந்தம்மாவுக்குப் புரிய வைப்பது என்று திட்டம்.

முக்கால் அடிக் கத்தியோடு ராணுவக் கல்லூரி வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தோன்றியது. துப்பாக்கி வைத்திருந்த பையன் கத்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மெத்தை அறுக்கறதுங்க தம்பி" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. நான் அறுக்கிற மாதிரி சைகை காட்டினேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. கடைசியில் சுபேதார் வந்து கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்.

டாக்டரம்மா பெயர் பெனிட்டா. நாகர்கோவில்காரர். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் தூக்கத்துக்கென்றே வைத்தியம் பார்க்கிறாராம். தூங்குவதற்கு எதற்கு வைத்தியம், படுத்தால் வராதா? கல்லூரியில் பசங்கள் பாடத்தில் தூங்கித் தூங்கிச் சாமியாடுகிறார்கள் என்று கர்னல் அவரை மூன்று மாசத்துக்கு வரவழைத்திருக்கிறார்.

"வாருங்க அண்ணாச்சி, இரியுங்க" என்றார்.

எனக்கு அதுவே பிடிக்கவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிட நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன்?

"மெத்தை சரியில்லைன்னு எழுதினீங்களாமே" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்றால், வராந்தாவில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு ஆரம்பித்தேன். அந்தம்மா அசையவில்லை. நான் மூச்சு வாங்குகிற இடம் வரைக்கும் காத்திருந்தார். பிறகு ஒரு கட்டு நோட்டை எடுத்துப் போட்டார்.

நாற்பது பசங்களிடம் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, எப்போது படுத்தாய், எப்போது எழுந்தாய் என்று தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். நாற்பது நோட்டிலும் தினமும் ஒரே பதில். 'இரவு பத்து முதல் காலை ஐந்து வரை. நன்றாகத் தூங்கினேன்.' ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அவரவர் எழுதினால் நோட்டுகள் ஒன்று போல இருக்காது என்று சீனியர் ஒருத்தன் எல்லா நோட்டையும் வாங்கி, கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பையனிடம் கொடுத்து எழுத வைத்திருக்கிறான். ராணுவத்தில் எதுவும் வரிசையாக, ஒன்று போல இருக்க வேண்டும், தூக்கம் உட்பட.

"ஆனா கையில நான் ஒரு பட்டை கட்டி விட்டிருந்தேன் பாத்தியளா, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். கைக்கடிகாரம் மாதிரி ஒன்று. அது பையன் அசைவதை, புரள்வதை எல்லாம் கணக்கெடுக்குமாம். பத்து மணிக்கு விளக்கு அணையும், பன்னிரண்டு வரைக்கும் இவர்கள் பூட்ஸுக்குப் பாலீஷ் போடுகிறார்கள், பெல்ட்டுப் பித்தளை தேய்க்கிறார்கள். பிறகு படுத்தால் நாலே முக்கால் மணி நேரம். அதிலும் நாற்பது தடவை புரள்கிறார்கள்.

அப்படியென்றால் மீதித் தூக்கம்? அதுதான் வேடிக்கை. அந்தம்மா சொல்லச் சொல்ல என் கோபம் சிரிப்புக்குள் மாட்டிக்கொண்டது. முதல் வருஷத்துப் பையன் நின்றுகொண்டே தூங்குவான், சாப்பாட்டு வரிசை நகர்ந்தால் அவனும் நகர்வான், தட்டில் குழம்பு விழும்போதுதான் முழிப்பான். இரண்டாம் வருஷத்துப் பையன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவான், பேனா மட்டும் ஓடும். ஒரு பாட நோட்டைக் காட்டினார். ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டுவது எப்படி என்று அழகாக ஆரம்பித்து, மூன்றாவது வரியில் எழுத்து சரிந்து, ஐந்தாவது வரியில் வெறும் கோடாகிப் பக்கத்தின் மூலையில் போய் விழுகிறது. பாலம் கட்டி முடியவே இல்லை. மூன்றாம் வருஷம் பக்குவப்பட்டவர்கள். முடிவெட்டுகிறவரிடம் 'மெதுவா வெட்டுங்க' என்று சொல்லிவிட்டு உட்கார்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில், சர்ச்சில், தொழுகை அறையில், குருத்வாராவில், எங்கே பார்த்தாலும் கூட்டம். பசங்களுக்கு என்ன பக்தி என்று கர்னலுக்குப் பெருமை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார அனுமதி உள்ள ஒரே இடம் அதுதானாம்.

"நாலே முக்கால் மணி நேரம் போதாதாங்க? நான் முப்பது வருஷமா நாலு மணி நேரம்தான்" என்றேன்.

"அதாக்கும் இந்தக் கோவம்" என்றார்.

பாருங்கள், கேட்டதற்கு வைத்தியம் சொல்லலாம், கேட்காததற்குச் சொல்லலாமா? மெத்தைக் கடை வைத்திருக்கிறேனே தவிர, நான் படுப்பது கோரைப்பாய். வீட்டில் மெத்தை இருக்கிறது, அதில் என் வீட்டுக்காரி படுக்கிறாள். மெத்தை விற்கிறவன் மெத்தையில் படுத்தால் தொழில் எப்படி ஓடும்?

"புரளுறானுவன்னா படுக்கை சரியில்லன்னுதானே அர்த்தம்" என்றார் அந்தம்மா.

"வாங்க, மெத்தையைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டேன்.

சுபேதாரையும் சேர்த்து மூன்று பேரும் ஹாலுக்குப் போனோம், அய்யாவு பின்னால். காலை பதினோரு மணி, பசங்கள் வகுப்பில். நான் ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உள்ளே வருகிறேன். அடேயப்பா, முப்பது கட்டிலும் கண்ணாடி மாதிரி. பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. கம்பளியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அந்தக் கோடு முதல் கட்டிலிலிருந்து முப்பதாவது கட்டில் வரைக்கும் ஒரே நேராகப் போகிறது. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு இன்ஸ்பெக்‌ஷனாம். கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பார்ப்பார்களாம். ஒரு கோடு விலகினால் அந்த ஹால் பூராவும் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். சுபேதார் இதைப் பெருமையாகச் சொன்னார்.

நான் ஒரு கட்டிலில் கம்பளியை இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். "பிச்சுடாதய்யா" என்றார் சுபேதார். அடியில் ஊக்கு குத்தியிருக்கிறது. ஒரு கட்டிலுக்குப் பதினாறு ஊக்கு. கழற்றி, கம்பளி, பெட்ஷீட் எல்லாம் எடுத்துப் போட்டால், கீழே என் மெத்தை. நேற்றுப் பட்டறையிலிருந்து வந்த மாதிரி. கையால் அழுத்தினேன், எழும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றே சொல்லலாம். மேல் பக்கத்தில் சாக்பீஸில் நூற்றுப் பதினேழு என்று நம்பர். அய்யாவு ஏற்றும்போது எண்ணிக்கைக்காக எழுதியது.

"பாருங்க டாக்டரம்மா. ஆறு வருஷம். பள்ளம் இருக்குதா? சாக்பீஸ் எழுத்துக்கூட அழியலை. இதைவிட என்ன வேணும்?"

அடுத்த கட்டில், நூற்றுப் பதினெட்டு. அதற்கடுத்தது பத்தொன்பது. எல்லாம் பளிச்சென்று. நான் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி நம்பர் படித்துக்கொண்டே போனேன்.

அந்தம்மா முதல் கட்டிலிலேயே நின்றுவிட்டார். சாக்பீஸ் எழுத்தை விரலால் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"அண்ணாச்சி, இது மேல்பக்கமா, அடிப்பக்கமா?"

"மேல்பக்கம்தானுங்க."

"ஆறு வருசமா இதுக்க மேல ஆளு கிடந்து புரண்டா, சாக்பீஸ் இருக்குமா?"

நானும் விரலால் தேய்த்துப் பார்த்தேன். அய்யாவு மெதுவாக, "அதானுங்களே முதலாளி" என்றான். அவனை முறைத்தேன்.

ஹாலின் கோடியில் ஒரு பையன் இருந்தான். கால் சுளுக்கி வகுப்புக்குப் போகாமல் இருந்தவன். நவநீதன் என்று பெயர், தேனிப் பக்கம். நாங்கள் வந்ததிலிருந்து விறைப்பாக நின்றுகொண்டிருக்கிறான். அந்தம்மா அவனிடம் போய், "மக்கா, நீ ராத்திரி எங்க படுக்க?" என்றார்.

பையன் சுபேதாரைப் பார்த்தான். சுபேதார் கூரையைப் பார்த்தார்.

"கட்டில்ல மேடம்."

"கட்டில்ல எங்க?"

"கட்டிலுக்கு அடியில மேடம்."

விஷயம் இதுதான். அந்தக் கட்டிலை அப்படி விரிக்க இரண்டு ஆளுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தே முக்காலுக்குள் சவரம் செய்து, பூட்ஸ் மாட்டி, கட்டிலும் விரிக்க யாரால் முடியும்? அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை விரித்து ஊக்கு குத்திவிட்டால் அடுத்த ஞாயிறு வரை அதைத் தொட மாட்டார்கள். ராத்திரி அடியில் ஒரு போர்வையை விரித்துச் சிமெண்ட் தரையில் படுக்கை. காலையில் போர்வையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் முடிந்தது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லி, அவன் அடுத்தவனுக்குச் சொல்லி, ஆறு வருஷமாக இப்படியே. கர்னலுக்குத் தெரியாது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்தம்மா சுபேதாரைக் கேட்டார்.

சுபேதார் மீசையைத் தடவினார். "நான் ரெக்ரூட்டா இருக்கச்சொல்லோ நானும் அடியிலதாம்மா படுத்தேன். மேல படுத்தா கோடு கலைஞ்சிடுமே."

இருநூற்று நாற்பது மெத்தை. ஒருத்தன் படுக்கவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அறுபது கிலோ எழுபது கிலோ என்று. ஒரு நிமிஷம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரே நிமிஷம்தான். உடனே சுதாரித்துக்கொண்டேன்.

"அப்போ மெத்தை மேல தப்பில்லை. அதை எழுதிக் குடுங்க."

அந்தம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதியும் கொடுத்தார். 'மாணவர்களின் தூக்கக் குறைவுக்கு மெத்தை காரணமல்ல.' அதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், அதோ கல்லாவுக்கு மேலே. அடுத்த வரியில் 'ஏனெனில் அவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை' என்று இருந்தது. சட்டத்துக்கு அளவு போதவில்லை, மடித்துவிட்டேன்.

கர்னல் நல்ல மனுஷர். விஷயம் தெரிந்ததும் ஒரே நாளில் ஆர்டர் போட்டார். கோடு பார்ப்பது சனிக்கிழமை மட்டும். பத்து மணிக்கு மேல் பாலீஷ் டப்பா கையில் இருந்தால் தண்டனை. எல்லாரும் கட்டில் மேல்தான் படுக்க வேண்டும். ஞாயிறு மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை கட்டாயத் தூக்கம். கட்டாயத் தூக்கம், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விசில் ஊதுவார்கள், படுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பசங்களுக்குத் தூக்கமே வரவில்லையாம். முதுகுக்குக் கீழே எழும்பி எழும்பி வருகிறது, பயமாக இருக்கிறது என்றார்களாம். இரண்டு பேர் உருண்டு கீழே விழுந்திருக்கிறார்கள். மூன்றாவது வாரம் பழகிவிட்டது. இப்போது ஆறே முக்கால் மணி நேரம், புரள்வது பத்துத் தடவைக்குள். பாலம் கட்டும் பாடம் கடைசி வரி வரைக்கும் போகிறதாம். டாக்டரம்மா போனில் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்களும் ஒரு ஆறு மணி நேரம் கிடந்து பாருங்க அண்ணாச்சி" என்றார். வைத்துவிட்டேன்.

என் புகாரே இனிமேல்தான்.

நாலு மாசம். நாலே மாசம் கழித்து சுபேதார் கூப்பிட்டார்.

"சென்னியப்பன், மெத்தையில பள்ளம் வுழுந்துருச்சு."

"எத்தனையில?"

"எத்தனையிலன்னா? எல்லாத்துலயும்தான்."

ஆறு வருஷம் ராஜா மாதிரி இருந்த மெத்தை. அந்தம்மா வந்து, அதன் மேல் ஆளைப் படுக்க வைத்து, நாலு மாசத்தில் பள்ளம். இதற்கு யார் பொறுப்பு? நானா? அதுவும் அந்தப் பசங்கள் தூங்குகிற தூக்கம் சாதாரணத் தூக்கமா, மூன்று வருஷத் தூக்கத்தைச் சேர்த்து வைத்துத் தூங்குகிறார்கள்.

"கேரண்டி ஏழு வருஷம்னு எழுதிக் குடுத்திருக்க" என்றார்.

"அதுல ஆறரை ஓடிப்போச்சுங்களே."

"எங்க ஓடுச்சு? ஒருத்தனும் படுக்கலியே. படுத்த நாள்லேர்ந்துதான் கணக்கு. இன்னும் ஆறு வருஷம் எட்டு மாசம் பாக்கி இருக்குது."

நீங்களே சொல்லுங்கள், எந்த ஊர் நியாயம் இது? வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு உபயோகிக்கவில்லை என்றால் அது என் தப்பா? போனிலேயே ஒரு மணி நேரம் கத்தினோம். கடைசியில் அவர் சொன்னார், பழையது இருநூற்று நாற்பதையும் இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும், அதுவும் அடர்த்தி குறையாமல். புதுக் கட்டிடத்துக்கு நூற்றெண்பதைப் பழைய விலைக்கே தர வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி பஞ்சு மெத்தை. அதாவது என் கீழ் வரி போய்விடும்.

நான் ஒரு திட்டம் போட்டேன். ரொம்ப மோசமான முப்பதை மட்டும் மாற்றுவது, அதற்கும் பாதி விலை வாங்குவது, புது ஆர்டருக்கு இன்றைய விலை. நேரில் போய்க் கத்தினால் இதற்குப் படிவார் என்று எனக்குத் தெரியும். அவர் சத்தத்தை நான் ஏற்கனவே அளந்து வைத்திருக்கிறேன். முப்பது மெத்தையை வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு அய்யாவுவோடு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். அன்றைக்குத்தான் மனுஷன் ஓய்வாக இருப்பார் என்று. போய்ச் சேரும்போது இரண்டு மணி.

சுபேதார் வாசலிலேயே நின்றார். "வா, பள்ளத்தை நேர்ல பாரு" என்று ஹாலுக்குள் கூட்டிப் போனார். வாசற்படியில் பூட்ஸைக் கழற்றினார். ராணுவக்காரர் பூட்ஸ் கழற்றி நான் பார்த்ததில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே முப்பது பேரும் தூங்குகிறார்கள். ஜன்னலில் வெயில். மின்விசிறி ஓடுகிற சத்தம், அதற்குள் மூச்சு விடுகிற சத்தம், வேறு ஒன்றும் இல்லை. ஒருத்தன் குப்புற, ஒருத்தன் சுருண்டு, ஒருத்தன் இரண்டு கையையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு. கம்பளிக் கோடு தரையில் கிடக்கிறது.

"முப்பதுதானுங்க மாத்த முடியும்" என்று ஆரம்பித்தேன். என் வழக்கமான சத்தம். முதல் கட்டில் பையன் முனகிக்கொண்டு திரும்பினான். நான் நிறுத்திக்கொண்டேன். "வெளிய வாங்க, பேசலாம்" என்று சுபேதார் காதில் சொன்னேன்.

"இங்கயே பேசலாம்" என்று அவர் என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்த மீசைக்குள் அவ்வளவு கள்ளத்தனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சத்தம் போடாமல் பேரம் பேச ஒரு வழி எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டு, உள்ளே மூன்று விரலைப் பிடித்து அழுத்தினேன். முப்பது என்று அர்த்தம். வேலூர்க்காரருக்கு என்ன தெரியும். கையைக் கொடுக்கிறேன் என்று நினைத்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் விரலை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை. அப்படியே துண்டுக்குள் கை கோர்த்தபடி கட்டில் கட்டிலாக நடந்தோம். ஒவ்வொரு கட்டிலிலும் நிறுத்திப் பள்ளத்தைக் காட்டினார்.

கால் சுளுக்கிய அந்தத் தேனிப் பையன் நவநீதன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து, தலையணையை நனைத்துக்கொண்டு தூங்கினான். மெத்தை அவனுக்கு அளவெடுத்த மாதிரி அமுங்கியிருக்கிறது. தோளுக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி, மடக்கின முழங்காலுக்கு ஒன்று. அடுத்த கட்டிலில் வேறு மாதிரிக் குழி. இருபத்திரண்டு வருஷமாக மெத்தை செய்கிறேன், விற்கிறேன். கடையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், உங்களை மாதிரி எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் செய்த மெத்தையில் ஒருத்தன் தூங்கி அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சுபேதார் குனிந்தார். "எல்லாம் இலவசமா மாத்திடறியா?"

கத்தியிருக்க வேண்டும். கத்தியிருந்தால் பாதிக்காவது வந்திருப்பார். தலையை ஆட்டினேன்.

"புதுசு பழைய விலைக்கா?"

அதற்கும் ஆட்டினேன். கல்லூரி ஆட்கள் மோசமான ஆட்கள், சொல்லிவிட்டேன். பேரம் பேசுகிற இடமா அது?

"அப்போ இந்த முப்பதை இப்பவே இறக்கி மாத்திடலாம். பசங்கள எழுப்பறேன்" என்று இடுப்பிலிருந்த விசிலை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் இரண்டு இருபது. "மூணரை ஆகட்டுமுங்க" என்றேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். லாரி வாடகை ஓடுகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. அய்யாவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர், நேரமாகிறது என்று ஹாரனை ஒரு தடவை அமுக்கினான். எழுந்து ஓடினேன், வெறுங்காலோடு, கொதிக்கிற தாரில். கதவில் ஏறிச் சாவியைப் பிடுங்கினேன். பிறகு அவனை ஏசினேன் பாருங்கள், அவன் தாத்தா வரைக்கும், பத்து நிமிஷம், எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும். வாயை மட்டும்தான் அசைத்தேன்.